நீந்தாத நத்தைகள்

மாசாய்
4 மார்ச் 2023

ஷர்மினிக்கு,

உன் பழைய எண் வேலை செய்யவில்லை. கோயிலில் உன் அப்பாவைப் பார்த்தேன். நீ சிம்பாங் ரெங்கத்தில் ஆறாம் படிவத்துக்கு உயிரியல் பாடம் நடத்துவதாகச் சொன்னார். அதனால் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மேலே படி.

பெத்திங் கெச்சில் மணல்திட்டில் கடற்புல்லைத் திரும்பவும் நட ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நானும் அதில் இருக்கிறேன். புல்லோடு சேர்த்து நத்தைகளையும் விடப் போகிறார்கள். கிழக்குக் கரையிலிருந்து அறுநூறு வரியன்கள் வரப்போகின்றன. (அந்த நத்தைக்கு நாம் வைத்த பெயர்தான் இப்போது குழுவிலும் ஓடுகிறது.) இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் உன் கட்டுரை.

அதை மறுபடி படித்தேன். நீ சொன்னதை நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா பார். மற்ற பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரில் மிதந்து எங்கெங்கோ போகும். வரியனின் குஞ்சு முட்டைக்கூட்டிலிருந்து நேராகத் தரையில் ஊர்ந்து வெளியே வரும். பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. அதனால் ஒரு திட்டில் மரபணு வகைகள் அழிந்தால், வெளியிலிருந்து அவற்றைக் கொண்டுவர யாரும் இல்லை. 2011-இல் நாம் எண்ணியபோது பதினான்கு வகை இருந்தது. துறைமுக வேலைக்குத் திட்டைத் தோண்டிய பிறகு, 2015-இல், ஐந்து. இந்த ஐந்தும் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலந்து தேய்ந்துபோகும் என்று எழுதியிருந்தாய்.

கிழக்குக் கரை நத்தைகள் நம்முடையவற்றிலிருந்து எவ்வளவு காலமாகப் பிரிந்து வாழ்பவை என்று யாருக்கும் தெரியாது. அறுநூறை ஒரேயடியாக விட்டால் நம் திட்டின் நத்தை என்று ஒன்று இருந்த தடமே இருக்காது. மீதி இருப்பது உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றைய முறையில் மரபணுவின் ஆயிரக்கணக்கான இடங்களைப் பார்க்கலாம். ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே முறையில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். 2011-இல் எடுத்த திசு எல்லாம் ஆய்வகத்தின் உறைபெட்டி பழுதானபோது கெட்டுவிட்டது. ஓடுகள் உன்னிடம் இருக்கின்றன. ஓட்டிலிருந்தும் இப்போது மரபணுவை எடுக்க முடிகிறது.

அவற்றைத் தருவாயா?

பிரவீனா

*

சிம்பாங் ரெங்கம்
12 மார்ச் 2023

பிரவீனா,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லாரும் பார்க்க என் மேஜையில் வைத்திருந்தார்கள். கிழிக்க முடியவில்லை.

ஏழு வருடம் கழித்து எழுதுகிறாய். சுகமா என்று ஒரு வரி இல்லை. ஓடு வேண்டும் என்கிறாய்.

2016 கருத்தரங்கை நீ மறந்திருக்கலாம். நான் கட்டுரையைப் படித்து முடித்ததும் முதல் ஆளாய் எழுந்து நின்றாய். "இந்த மாதிரிகள் போதாது, திட்டோட ஒரு ஓரத்துலதான் எடுத்தாங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். எடுத்த இடத்தில் நீயும்தான் என்னோடு முழங்கால் சேற்றில் நின்றாய். அதற்கு முதல் நாள் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய். அப்போது வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஆய்வு உதவி கிடைக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இன்று அதே கட்டுரையை ஒரு குழு நம்புகிறது. அதைப் பொய்யாக்க என்னிடமே சாமான் கேட்கிறாய்.

ஓடுகள் பத்திரமாக இருக்கின்றன. தர மாட்டேன்.

ஷர்மினி

*

மாசாய்
20 மார்ச் 2023

ஷர்மினிக்கு,

சுகமா? கேட்டுவிட்டேன்.

நான் ஒன்றும் மறக்கவில்லை. உன் வரைவில் மூன்று இடத்தில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். தெற்குப் பக்கம் போகவில்லை, இன்னும் ஒருமுறை போவோம் என்று. நேரம் இல்லை என்றாய். அன்று சாப்பிடும்போதும் பேச்சை எடுத்தேன், நாளைக்குப் பேசலாம் என்று தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாய். மறுநாள் நான் பேசினேன். மேடைக்கு முன்னால் பேசியிருக்க வேண்டாம் என்று எனக்கும் பலமுறை தோன்றியிருக்கிறது. பேசிய விஷயம் தப்பு என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

உன் கட்டுரையைப் பொய்யாக்க நான் கேட்கவில்லை. அது சரியாகவும் இருக்கலாம். சரி என்றால் அதையும் நானே குழுவில் சொல்வேன். வேண்டுமானால் முடிவை முதலில் உனக்கு அனுப்புகிறேன், நீ பார்த்த பிறகு அவர்களுக்குச் சொல்கிறேன்.

என் நம்பர் கீழே இருக்கிறது. கூப்பிடு.

பிரவீனா

*

சிம்பாங் ரெங்கம்
9 ஏப்ரல் 2023

பிரவீனா,

கூப்பிட மாட்டேன். வாயால் பேசினால் நீதான் ஜெயிப்பாய், எப்போதும் அப்படித்தான். எழுது. எழுதினால் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை நீ காத்திருந்துதான் ஆக வேண்டும்.

பார்சல் தனியாக வருகிறது. ஓடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. என் கணவர் பிரேமகுமார் தன் கிளினிக்கில் மருந்து வரும் பெட்டிகளில் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தார். இத்தனை வருடமாகக் கண்ணாடி அலமாரியில் இருந்ததை ஏன் திடீரென்று அனுப்புகிறாய் என்று கேட்டார். அலமாரியில் இருந்தால் அது அலங்காரச் சாமான், அவ்வளவுதான் என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே புரிந்தது.

நிபந்தனைகள்: ஓட்டின் உள்மடிப்பில் மட்டும் சுரண்டு. வெளிக்கோடுகளைத் தொடாதே. ஒவ்வொன்றையும் திருப்பித் தர வேண்டும். புதிய மாதிரியைத் திட்டு முழுக்க எடு, தெற்குப் பக்கமும் சேர்த்து. அப்போதுதான் பிறகு யாரும் எழுந்து நின்று குறை சொல்ல முடியாது.

ஷர்மினி

*

மாசாய்
16 ஜூலை 2023

ஷர்மினிக்கு,

சொன்னபடி உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி.

திட்டு முழுக்க எடுத்தோம். வடக்கு, தெற்கு, நடு, எல்லாம். படகோட்டும் மூர்த்தி அண்ணனுக்கு இடுப்பே போய்விட்டது. உன் ஓடுகள் அருமையாக வேலை செய்தன, பாதிக்கு மேல் நல்ல மரபணு கிடைத்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 2011-இல் இருந்த வளத்தில் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீ 2015-இல் பார்த்ததைவிடவும் குறைந்திருக்கிறது. எந்த இரண்டு நத்தையை எடுத்தாலும் அண்ணன் தங்கை மாதிரி இருக்கின்றன. தெற்குப் பக்கம் போயிருந்தாலும் உன் முடிவு மாறியிருக்காது.

முட்டைக்கூடுகளைத் தேடினோம். திட்டு முழுக்க இரண்டே இரண்டு கிடைத்தன. ஒன்று பியர் பாட்டிலில், இன்னொன்று யாரோ போட்ட டயரில்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் அந்த அறுநூறும் வந்துவிடும். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கறிக்கும் ஆகாத நத்தைக்கா இப்படி உட்கார்ந்திருக்க?" என்று கேட்டார்.

உனக்கு இது சந்தோஷமாக இருக்கும். இருக்க வேண்டியதுதான்.

பிரவீனா

*

சிம்பாங் ரெங்கம்
23 ஜூலை 2023

பிரவீனா,

சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நின்றேன். பிள்ளைகள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

நான் எழுதியது அழியும் என்று. அது அழியட்டும் என்று நான் ஒருநாளும் விரும்பவில்லை.

இப்போது கவனமாகப் படி. பியர் பாட்டில், டயர் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. வரியன் கடினமான பொருளில்தான் முட்டைக்கூட்டை ஒட்டும். பெத்திங் கெச்சிலில் பாறை கிடையாது. மணலும் புல்லும்தான். அப்படியானால் 2011-இல் நாம் அத்தனை முட்டைகளை எங்கே பார்த்தோம்? யோசித்துப் பார். சிப்பி வளர்க்கிறவர்கள் தங்கள் மிதவைகளைக் கட்டிவைக்கச் சிமெண்ட் நிரப்பிய டிரம்களைத் தரையில் இறக்கியிருந்தார்கள். நீர் வற்றும்போது அவற்றின்மேல்தான் நாம் பையை வைப்போம். அந்த டிரம் எல்லாவற்றிலும் முட்டை ஒட்டியிருக்கும்.

தோண்டும் வேலை தொடங்கும் முன்னால் மிதவைகளை எல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். 2015-இல் நாம் போனபோது ஒரு டிரம்கூட இல்லை. உனக்கும் எனக்கும் மாதிரி எங்கே எடுப்பது என்பதில்தான் சண்டை. டிரம் எங்கே போயிற்று என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

குஞ்சு நீந்தாது, சரி. முட்டை ஒட்டியிருந்த டிரம்மைப் படகு இழுத்துப் போயிருந்தால்?

கூட்டத்தில் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. அந்த டிரம்களைத் தேடு.

ஷர்மினி

*

மாசாய்
20 ஆகஸ்டு 2023

அன்புள்ள ஷர்மினி,

உட்கார்ந்துகொண்டு படி.

சிப்பி வளர்த்தவர்களில் பாதிப் பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள். பாக் மான் என்கிற மலாய்ப் பெரியவர் மட்டும் இன்னும் செய்கிறார். கேட்டேன். மிதவைகளை முனைக்கு அப்பால் இருக்கும் குடாவுக்கு இழுத்துப் போனதாகவும், டிரம்மை விட்டுவிட்டுப் போனால் புதிதாக ஊற்ற வேண்டும் என்று அவற்றையும் தூக்கிக்கொண்டு போனதாகவும் சொன்னார். அங்கே சிப்பி சரியாகப் பிடிக்காததால் ஒரு வருடத்தில் மிதவைகளைக் கழற்றிவிட்டார்கள். டிரம்கள் அங்கேயே கிடக்கின்றனவாம்.

போன சனிக்கிழமை மூர்த்தி அண்ணனோடு போனேன். குடாவின் ஒரு பக்கம் சதுப்பு மரங்கள், மறுபக்கம் தொழிற்சாலைச் சுவர். நான் புல்லுக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் நூறு அடி தள்ளி இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, "தங்கச்சி, இங்க வா. சீக்கிரம் வா லா" என்றார். அவர் அதிகம் பேசாதவர். குரலைக் கேட்டதும் பாம்பு ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

டிரம் முழுக்க முட்டைக்கூடு, ஷர்மினி. கொத்துக் கொத்தாக, கண்ணாடி மாதிரி. ஒரு கூட்டுக்குள் குஞ்சு அசைவது வெளியிலிருந்தே தெரிந்தது. டிரம்மைச் சுற்றி மணலில் பெரிய நத்தைகள், அந்த வளைந்த கோடுகளோடு, தலையை நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அப்படி ஒன்று இல்லை, இருபது டிரம்களுக்கு மேல் இருக்கின்றன. நான் நீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், நான் அழுவேன் என்று தெரிந்திருக்கும்.

கண்ணால் பார்த்தது போதாது என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். நிறைய இருந்தாலும் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒவ்வொரு டிரம்மின் பக்கத்திலும் நத்தைகளின் காலில் ஒரு துளி திசு எடுத்துக்கொண்டு அவற்றை அங்கேயே விட்டுவிட்டேன். சோதனைக்குப் போயிருக்கிறது.

பிரவீனா

*

சிம்பாங் ரெங்கம்
27 ஆகஸ்டு 2023

பிரவீனா,

நீ அழுததைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆசிரியர் அறையில் வைத்துப் படித்துத் தொலைத்தேன்.

கிழக்குக் கரை நத்தையின் மாதிரியும் வாங்கிச் சோதனையில் சேர். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் குழுவுக்குப் புரியும். முடிவு வந்த அன்றே எழுது.

ஷர்மினி

*

மாசாய்
12 நவம்பர் 2023

அன்புள்ள ஷர்மினி,

வந்துவிட்டது.

2011-இல் உன் ஓடுகளில் இருந்த வளத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்தக் குடாவில் உயிரோடு இருக்கிறது. திட்டில் அழிந்துபோன வகைகள் என்று நீ எழுதிய ஒன்பதில் எட்டு அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு டிரம்மிலும் ஒவ்வொரு தாயின் முட்டை. ஒருவரும் திட்டமிடாமலே, தோண்டும் இயந்திரம் வருவதற்குள் திட்டின் குடும்பங்கள் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு படகு போயிருக்கிறது.

கிழக்குக் கரை நத்தை வெகு தூரத்துச் சொந்தம். பார்க்க ஒரே மாதிரி, உள்ளே வேறு. கலந்திருந்தால் திருப்பிப் பிரிக்கவே முடியாது.

திட்டு ஏன் பிழைக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இருந்த சில நத்தைகளுக்கு முட்டை ஒட்ட இடமே இல்லை. டிரம்களைத் திட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், முட்டையோடு. கூடவே குடாவின் பெரிய நத்தைகள் சிலவற்றையும்.

டிசம்பர் இரண்டாம் தேதி குழு முடிவெடுக்கிறது. நீ வர வேண்டும். அவர்கள் கையில் இருப்பது உன் கட்டுரை. அதை எதிர்த்து நான் மட்டும் பேசினால், இவள் அன்றிலிருந்தே இப்படித்தான் என்பார்கள். தலைவர் ஜெயபாலனும் அன்று அந்தக் கருத்தரங்கில் இருந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து போவோம். நான் படங்களைக் காட்டுகிறேன், நீ பேசு.

பிரவீனா

*

ஜொகூர் பாரு, மருத்துவமனை
28 நவம்பர் 2023

ஷர்மினி,

டெங்கி. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன, எழுந்து உட்காரக்கூட விடமாட்டேன் என்கிறார்கள். அம்மா பிடித்துக்கொள்ள எழுதுகிறேன். கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாதாம். கிழக்குக் கரையில் நத்தைகளைப் பிடிக்க ஆள் தயாராக இருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு படங்கள் எல்லாவற்றையும் மூர்த்தி அண்ணன் உன்னிடம் கொண்டுவந்து தருவார். நீ தனியாகத்தான் போக வேண்டும்.

முடியுமா?

பிரவீனா

*

சிம்பாங் ரெங்கம்
3 டிசம்பர் 2023

அன்புள்ள பிரவீனா,

அண்ணன் போனில் முடிவைச் சொல்லியிருப்பார். ஆனால் அவர் வெளியே காரில் இருந்தார். உள்ளே நடந்ததை நான்தான் எழுத வேண்டும்.

வாசலில் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட பெண், "ஓ, நீங்கதானா அந்தக் கட்டுரை எழுதினவங்க" என்று எழுந்து நின்றாள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர்களுடைய திட்டத்தை ஆதரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காப்பி எல்லாம் கொடுத்தார்கள். ஏழு வருடமாக எந்தக் கூட்டத்திலும் நான் பேசவில்லை என்பது உனக்குத் தெரியும்.

முதலில் திட்டைக் காட்டினேன். அன்றும் இன்றும். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு நீ நீரில் உட்கார்ந்த குடாவைக் காட்டினேன். தலையாட்டல் நின்றது. டிரம்களைக் காட்டினேன். ஒருவர் சிரித்தார். முடிவுகளைக் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்று பார்த்தார்.

ஜெயபாலன் கேட்டார்: "அப்போ உங்க கட்டுரையே தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?"

இந்தக் கேள்விக்காக வழி முழுக்க ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தேன். நீளமான பதில். அதை விட்டுவிட்டேன்.

"திட்டைப் பத்தி நான் எழுதினது சரி. ஆனா திட்டோட நின்னுட்டேன். மாதிரி போதாதுன்னு பிரவீனா அன்னைக்கே சொன்னாங்க. அவங்க சொன்னதும் சரி" என்றேன்.

ஜெயபாலன் உன் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கருத்தரங்கு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு கிழக்குக் கரை ஆட்களுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவ்வளவுதான், பிரவீனா. அங்கேயே முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் டிரம்மை எதை வைத்துத் தூக்குவது, வெயில் படாமல் முட்டையை எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பற்றித்தான் பேச்சு. ஓட்டெடுப்பில் ஒரு கைகூட எதிராக எழவில்லை.

வெளியே வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவர் காரின் ஹாரனை நீளமாக அடித்தார். காவலாளி ஓடி வந்தார்.

அண்ணனை அவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சத்தமாகப் பாடினேன். என்ன பாட்டு என்று கேட்காதே.

நன்றாகச் சாப்பிடு. உன் அம்மா சொல்வதைக் கேள். போன் செய்கிறேன், ஆனால் முதல் ஐந்து நிமிடம் நான் மட்டும்தான் பேசுவேன்.

ஷர்மினி

*

மாசாய்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷர்மினி,

தினமும் போனில் பேசுகிறோம், பிறகு என்ன கடிதம் என்று நினைப்பாய். இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

இன்று காலை நீர் நன்றாக வற்றியது. டிரம்களைத் திட்டில் இறக்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது இல்லையா? அம்மாவும் வந்தே தீருவேன் என்று படகில் ஏறிவிட்டார். டிரம்களைச் சுற்றி மணலில் குட்டி வரியன்கள். விரல் நகம் அளவுதான். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் அம்மா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு குட்டிகள்.

போன மாதம் எடுத்த குட்டிகளின் முடிவும் நேற்று வந்தது. பாதிக்கு மேல் குடாவின் பிள்ளைகள், அது நாம் எதிர்பார்த்தது. ஆனால் ஒன்பது குட்டிகள் ஒவ்வொன்றின் மரபணுவிலும் ஒரு பாதி திட்டினுடையது, மறு பாதி குடாவினுடையது. திட்டிலேயே தாக்குப்பிடித்துக் கிடந்த நத்தைகளும் வந்து சேர்ந்த நத்தைகளும் கூடியிருக்கின்றன. அந்த ஒன்பதும், 2011-இல் நீ எடுத்த எந்த ஓட்டையும்விட மரபணு வளம் கூடியவை. இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறை நீ வந்து சரிபார்.

அம்மா ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஷர்மினி பொண்ணு பாக்கணுமே" என்றார்.

பிரவீனா

*

சிம்பாங் ரெங்கம்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரவீனா,

ஒன்பது! பிரேமகுமாரை எழுப்பிச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை குலுக்கினார்.

நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு உதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேற்று கிடைத்துவிட்டது. பள்ளியில் இரண்டு வருட விடுப்பும் கொடுத்துவிட்டார்கள். என் ஆறாம் படிவப் பிள்ளைகள், "டீச்சர், நத்தை பார்க்கவா போறீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தி எழுந்து, நாங்களும் வரலாமா என்று கேட்டாள். அடுத்த வற்றுநீருக்கு ஒரு பஸ் நிறைய வருகிறோம், மூர்த்தி அண்ணனிடம் சொல்லி வை.

முடிவுகளைத் தொடாதே. மூன்றாம் முறை நான் சரிபார்த்த பிறகுதான் கட்டுரை. தெற்குப் பக்கக் குட்டிகள் போதுமான அளவு எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன்.

ஷர்மினி